நல்லம்மாவின் ஆமை பெர்மிட்

இனிமேல் இந்த வீட்டில் சட்டம்தான் பேச வேண்டும், நல்லம்மா பேசக் கூடாது. எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, குளியலறை வாசலில் துண்டோடு நின்று இப்படியொரு முடிவை எடுத்தேன். துண்டோடு எடுத்ததாலோ என்னவோ, அந்த முடிவு இடுப்பில் நிற்கவே இல்லை.

விஷயம் இதுதான். குளிக்கத் தண்ணீர் மொள்ளக் குனிந்தேன். தொட்டிக்குள்ளிருந்து ஒரு தலை மேலே வந்து என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பது தலையை உள்ளே இழுத்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

பேராக் ஆற்று ஆமை. மலாய்க்காரர்கள் துந்தோங் என்பார்கள். உலகத்தில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று என் வீட்டுத் தொட்டியில். அது ஆற்று ஆமை. எனக்கு வந்ததோ ஆற்றாமை.

வேறு யார் வீட்டுத் தொட்டியிலாவது இருந்திருந்தால் பரவாயில்லை. நான் யார்? சதாசிவம். ஈப்போவில் காட்டு மிருகங்களுக்குப் பெர்மிட் கொடுக்கும் ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கும் ஆசை எனக்கும் உண்டு. புதுச் சட்டம் வந்த பிறகு, அருகிப்போன மிருகத்தைப் பிடிக்க, வளர்க்க, நிறுக்க, ஆராய்ச்சி செய்ய, ஏன், பக்கத்தில் நின்று பரிதாபப்படக்கூட என் மேஜைக்கு வந்தாக வேண்டும். என் சாப்பு, அந்த ரப்பர் முத்திரை, விழாமல் ஒரு புலிகூட முறைப்படி அழிய முடியாது. அப்படிப்பட்டவன் வீட்டிலேயே பெர்மிட் இல்லாத ஆமை! வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். குவாட்டர்ஸ் போனால் தொட்டியும் போகும்.

"நல்லம்மா!" என்று கர்ஜித்தேன்.

"என்னா?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. என் கர்ஜனை பாதியிலேயே இருமலாகிவிட்டது.

"தொட்டியில என்னா இது?"

"ஆமை. கண்ணு தெரியலையா?"

"எப்படி வந்துச்சு?"

"பத்துமலை கொண்டாந்தான். நேத்து நீங்க சீட்டாடப் போயிருந்தீங்கள்ல, அப்ப."

பத்துமலை அவள் தம்பி. பாரிட்டில் மணல் லோரி ஓட்டுகிறான். ஆற்றில் மணல் அள்ளுகிற இடத்தில் இரும்பு வாளி இடித்து ஓடு பிளந்து கிடந்ததாம். கோணிச் சாக்கில் போட்டு அக்காவிடம் கொண்டுவந்துவிட்டான். அவனுக்கு வழியில் எதைக் கண்டாலும் அக்கா ஞாபகம்தான். வெடிப்பில் மஞ்சள் அரைத்துப் பூசி, தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு, கங்கோங் கீரை போட்டிருந்தாள் நல்லம்மா. எனக்கு அந்தக் கீரையில் ஒரு பொரியல்கூட அந்த வாரம் கிடைக்கவில்லை.

"இது பாதுகாக்கப்பட்ட பிராணி, தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதான் பாதுகாக்கிறேன்."

"பெர்மிட் இல்லாம பாதுகாக்கக் கூடாது!"

"பெர்மிட் இல்லாம சாகலாமா?"

"சாகிறதுக்குப் பெர்மிட் தேவையில்ல."

"அடிச்ச மணல்காரனுக்கு?"

"அது வேற இலாகா."

"நல்லா இருக்குலா உங்க சட்டம்! அடிக்கிறவன் ஜாலியாப் போலாம். மஞ்சப் பூசுறவதான் ஜெயிலுக்குப் போவணும்."

"அதுக்குத்தான் சொல்றேன். ஆபீஸ்ல ஒப்படைச்சிடலாம். அங்க பார்த்துக்குவாங்க."

நல்லம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரு பார்த்துக்குவாங்க? போன வருஷம் கோப்பெங்லேருந்து ஒரு சீனன் அடிபட்ட எறும்புத்தின்னியத் தூக்கிட்டு வந்தான்னு நீங்கதானே சொன்னீங்க. வைத்தியம் பார்க்க மூணு கையெழுத்து வேணும்னீங்க. கடைசியில என்னாச்சு?"

"மூணு கையெழுத்தும் கிடைச்சிருச்சு."

"எறும்புத்தின்னி?"

"அது காத்திருக்கல."

உள்ளே போய்ப் பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் விவாதம் முடிந்தது என்பதற்கு அதுதான் அறிகுறி. ஆமை குணமாகும்வரை வீட்டை விட்டுப் போகாது.

ஆனால் நான் இருபது வருஷம் ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சும்மா உட்கார்ந்துகொண்டே ஒரு மனுஷனை எப்படி அலைய வைப்பது என்று கற்றிருக்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் சண்டை வரும். சரி என்று சொல்லி நிபந்தனை போட்டால், வந்தவன் தானே ஓடிப்போவான். அன்று மத்தியானம் குரலில் தேன் தடவிக்கொண்டு சொன்னேன்:

"நல்லம்மா, நீயே வச்சுக்க. ஆனா முறையா வச்சுக்கலாம். உன் பேர்லயே ஆராய்ச்சி பெர்மிட் வாங்கித் தாரேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கா?"

"உனக்கேதான். நிபந்தனை கொஞ்சம் இருக்கும். மீறினா ஆமை ஆபீஸுக்குப் போயிடும்."

"சரிலா. எழுதிட்டு வாங்க."

திங்கட்கிழமை காலை டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பிராணி இருக்கும் தண்ணீரில் மனிதரோ சோப்போ படக் கூடாது. அந்த வீட்டில் புகையும் கூச்சலும் கூடாது. அரசாங்கக் கால்நடை டாக்டர் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வைரக்கிரீடம் ஒன்று: தினமும் விடியற்காலை அரசாங்க ஊழியர் ஒருவர் தம் கையாலேயே தண்ணீர் மாற்ற வேண்டும். எந்த அரசாங்க ஊழியன் விடியற்காலையில் எழுந்திருப்பான்? நான் என் ஆபீஸ் ஆட்களை மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒருவன்கூடத் தேறவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் அதிகாரி துவான் இட்ரிஸ், "உன் மனைவிக்கா? பாகுஸ், பாகுஸ்! வீட்டிலேயே சேவை!" என்று மலாயில் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் சாப்பு குத்தினேன். வெள்ளிக்கிழமைக்குள் தொட்டி காலி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நல்லம்மா சுங்காய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். மலாயைப் பாசார் கடைத்தெருவில் படித்தவள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்துச் சிரித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆமா, இந்த அரசாங்க ஊழியர்னா யாரு?"

"அது... அரசாங்கத்தில வேலை செய்யிற யாராச்சும்."

"அப்ப நீங்க யாரு?"

நான் அரசாங்க ஊழியன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆபீஸில் பலருக்கு அது எப்போதோ மறந்துபோய்விட்ட விஷயம்தான்.

"விடியக்காலம் எழுப்பி விடுறேன்" என்றாள். "ரெண்டு வாளி போதும். மெதுவா ஊத்துங்க, பயந்துக்கும்."

அன்று மாலை சிகரெட்டைப் பற்றவைத்தேன். தீக்குச்சி அணைவதற்குள் சிகரெட் காணாமல் போனது. "புகை கூடாதுன்னு யாரோ எழுதியிருக்காங்க." வாரக் கடைசியில் சீட்டுக் கும்பல் வந்தது. வாசலிலேயே மறித்து, "கூச்சல் கூடாதுங்க அண்ணே. கவர்மெண்ட் ஆர்டர். இவர்தான் டைப் அடிச்சாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை என் எதிரிக்கும் வரக் கூடாது. கால்நடை டாக்டர் ஜெயபாலன் வாரம் தவறாமல் வந்தார். எப்படி வராமல் இருப்பார்? அவர் சம்சாரமும் நல்லம்மாவும் ஒரே பஜனைக் குழு. அவர் ஆமையின் ஓட்டைத் தட்டிப் பார்ப்பார், காப்பி குடிப்பார், "சார் கொஞ்சம் இளைச்சிட்டாரே?" என்று என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்.

குளியல்? பின்பக்கக் குழாயடியில். சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, குவாட்டர்ஸ் வரிசை முழுக்கப் பார்க்க. ஆபீஸில் சாப்பு என் கையில். வீட்டில் சோப்புகூட என் கையில் இல்லை. அதை மதிலோரம் வைத்தால் காக்கா தூக்கிக்கொண்டு போகும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். விடியற்காலை தண்ணீர் மாற்றப் போய்ப் போய், அந்தப் பிராணி என் கால் சத்தம் கேட்டதும் தலையை நீட்ட ஆரம்பித்தது. ஒருநாள் என் கையிலிருந்தே கங்கோங் தின்றது. பெர்மிட்டில் நான் ஆயிரம் துந்தோங் பார்த்திருப்பேன். அவற்றுக்கெல்லாம் மூக்கு இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை நல்லம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு வாளி சேரும்.

மழைக்காலம் முடிவதற்குள் ஓடு கூடிவிட்டது. ஆற்றில் விடலாம் என்று டாக்டர் சொன்னார். துவான் இட்ரிஸே ஆபீஸ் வேனைக் கொண்டுவந்தார். போத்தா பக்கத்தில் ஆற்று மணலில் இறக்கிவிட்டோம். ஆமை கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு மெதுவாக நகர்ந்து, தண்ணீரில் இறங்கி, ஒரு தடவை தலை காட்டிவிட்டுப் போய்விட்டது. நல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்தேன். மணல் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

கண் காய்ந்ததும் புத்தி வேலை செய்தது. "துவான், நாளைக்கே பெர்மிட்டை ரத்து பண்ணிடலாமா?"

"அது புவானின், உன் மனைவியின் பெர்மிட். அவரைக் கேள்" என்றார் அவர். "இந்த வருஷம் நாங்கள் பொரிக்க எடுத்த ஆமை முட்டைகள் நிறைய. குஞ்சுகளை வைக்க எங்களுக்கு இடம் இல்லை. அவருக்குச் சம்மதம் என்றால் நீட்டிக்கலாம். உன் நிபந்தனைகளும் அருமையானவை, சதாசிவம். அதே மாதிரி எல்லோருக்கும் எழுது."

"யோசிச்சுச் சொல்றேன் துவான்" என்றாள் நல்லம்மா.

வேனின் பின்சீட்டில் அவள் காதோரம் கெஞ்சினேன். "நல்லம்மா, குஞ்செல்லாம் வேணாம்லா. உடம்பு கெட்டுப்போயிடும் உனக்கு."

"எனக்கென்ன உடம்பு? வாளி தூக்கினது நீங்க. இருமல் போயிருச்சு, பார்த்தீங்களா? ராத்திரியில நேரத்தோட வீட்டுக்கு வாரீங்க. பக்கத்து வீட்டு ஜெய்னம்பு அக்காகூட உங்க ஆளு திருந்திட்டாருன்னு சொன்னாங்க."

"அந்த நிபந்தனையெல்லாம் ஆமைக்காகப் போட்டது!"

நல்லம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமாச் சொல்லுங்க. நீங்க ஆமைக்காகவா போட்டீங்க?"

ஜன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்தேன். வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன்.

"அதான்" என்றாள் அவள். "நானும் ஆமைக்காக மட்டும் ஒத்துக்கல."

மறுநாள் ஆபீஸில் முதல் வேலையாக, பெர்மிட்டை அடுத்த டிசம்பர் வரை நீட்டித்து நானே டைப் அடித்தேன். குஞ்சுகள் எத்தனை என்ற இடத்தை மட்டும் நல்லம்மா காலியாக விடச் சொல்லியிருந்தாள்.