லிஃப்டுக்குப் பதில் அத்தை

பெருமதிப்பிற்குரிய லவீனியா அக்கா அவர்களுக்கு,

வவாவு தீவிலிருந்து தம்பி பெனிசிமானி, பெரியவர்கள் முன் நிற்கும் மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு, உங்கள் முன் நிற்பதாகவே நினைத்து எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் மனைவியும், உங்களோடு தங்கிப் படிக்க நீங்கள் டிக்கெட் அனுப்பியிருக்கும் மகள் மெலியானேயும், பன்றிகளும் சுகம். ஆக்லாந்தின் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நிற்க.

நேற்று ஊர் மண்டபத்தில் நடந்ததை வேறு யாராவது ஃபோனில் உங்களுக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பிரிஸ்பேனிலிருந்து பிரிஜெட் என்றொரு பெண் எங்கள் பள்ளிக்கு வந்தாள். எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயம், எவ்வளவு பதற்றம் என்று அளக்கிறாளாம். ஒரே கேள்வித்தாளைத் தேசம் தேசமாகக் கொடுத்து, 'ஒருபோதும் இல்லை, சில சமயம், எப்போதும்' என்று குறிக்கச் சொல்வாள். இங்கிலீஷ் வாத்தியார் என்பதால் அதை நம் மொழிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் பெருமையாகத்தான் தலையைக் கொடுத்தேன். அதில் 'லிஃப்டில் போகப் பயமா?' என்று ஒரு கேள்வி. நம் தீவில் ஏறுவதற்குத் தென்னை மரத்தை விட்டால் என்ன இருக்கிறது? "லிஃப்ட் இல்லேன்னா பரவாயில்ல பெனி. தப்பிச்சு ஓட வழியில்லாம நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும் பாருங்க, அப்படி இங்க எது இருக்கோ அதைப் போடுங்க" என்றாள். நான் யோசிக்கவே இல்லை அக்கா. கை தானாக எழுதிவிட்டது: 'அத்தை வீட்டுக்கு வரும்போது பயமா?'

அது போதாதென்று இன்னொரு கேள்வி. அதை அக்காவுக்குத் தம்பி எழுதக் கூடாது. பயம் வந்தால் வீட்டின் பின்பக்கம் அடிக்கடி எங்கே ஓட வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் தடுப்பதற்குள், நான் எழுதிக் கொடுத்ததை அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டாள். அண்ணன் தங்கைகள் சேர்ந்து கேட்கவே கூடாத பேச்சு, அவர்களோ ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்! பையன்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். "பாவம், எவ்வளவு பதற்றம்!" என்று குறித்துக்கொண்டாள். "பதற்றம் இல்லம்மா, மரியாதை" என்றேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். அடுத்த தாளை எடுத்து நீட்டினேன்.

நேற்று எல்லோரையும் கூட்டி முடிவைத் திரையில் காட்டினாள். முன்வரிசையில், அப்பாமார்களே எதிர்த்துப் பேசாத ஊரின் அத்தைமார்கள், வழக்கம்போலப் பன்றியின் நல்ல பாகம் அவர்கள் தட்டில். பிள்ளைகளுக்கு இருட்டென்றால் பயமில்லை, சுறாவென்றால் பயமில்லை, புயலுக்குக்கூட அவ்வளவாக இல்லை. ஒரே ஒரு கோடு மட்டும் கூரையைத் தொட்டது. "அது என்னடா அவ்வளவு உசரமா?" என்றாள் போதகரின் அக்கா சலோமே. நான்தானே மொழிபெயர்க்க வேண்டும்? மொழிபெயர்த்தேன். மெல்லுகிற சத்தம் நின்றது.

"இந்தக் கேள்விய எழுதுனது எவன்?"

பிரிஜெட் சிரித்த முகத்தோடு என்னைக் கைகாட்டினாள்.

"ஏண்டா, லவீனியாவோட தம்பிதானே நீ? அவளுக்குத் தெரியுமா?"

அக்கா, வெட்கத்தில் இன்று பள்ளிக்கே போகவில்லை. எனக்குப் பெண் பார்த்தது நீங்கள், என் மகளுக்குப் பெயர் வைத்தது நீங்கள். அப்படிப்பட்ட உங்களை லிஃப்ட் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஒரே ஆறுதல், அந்தக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்று குறித்த ஒரே பிள்ளை மெலியானே. பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். பயமே அறியாத பெண். சந்தோஷமாக அனுப்பிவைக்கிறேன். உங்கள் முழங்காலுக்காகவும் என் மன்னிப்புக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
பெனிசிமானி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மெலியானேயிடம் கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டி மெச்சினேன். அழுதுவிட்டாள். "நான் குறிக்கும்போது நீங்கதானேப்பா பக்கத்துலயே நின்னீங்க. நான் வேற என்னத்தக் குறிப்பேன்?" டிக்கெட் வந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலியாம், கிழங்கு தொண்டையில் இறங்கவில்லையாம். உங்களுக்கு எழுதக் கூடாத அந்தக் கேள்விக்கும் 'எப்போதும்'தானாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை அக்கா. அளக்க வந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மெலியானேயை இந்த வருஷம் அனுப்பவில்லை. உங்களிடம் 'இல்லை' என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள், அந்தக் கேள்வியில் வருகிற இடத்துக்கு நானே ஓடி ஓடி வந்துவிட்டேன்.