ஏல மாமு கேட்ட சந்தேகம்

கோயமுத்தூரில் ஒலிபெருக்கி தேவைப்படாத ஒரே மனிதர் எங்கள் ஏல மாமுதான். உக்கடம் மண்டியில் தக்காளி ஏலம் விட்டு விட்டு அவர் தொண்டை அந்தச் சத்தத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டிலிருந்து சொம்பு வரும். என் மாமியாருக்கு ஒரே தம்பி அவர்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. மாமியார் கெட்டவர் இல்லை, பேரப்பிள்ளை ஆசை. மகனுக்கு இன்னொரு கல்யாணம் செய்து வைக்கப் பொள்ளாச்சியில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. நானும் கணவரும் வீட்டுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனோம். குறை என் கணவரிடம்தான், டெஸ்ட் டியூப் முறையில் முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். குறையை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். சொல்லிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் இஸ்லாமிய மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று யாரிடம் கேட்பது? என் கணவர் போயும் போயும் மாமுவிடம் சொன்னார்.

"மாமு, யாருக்கும் தெரியாம பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"அட, சும்மா இரு மாப்ள! என்ற வாயிலிருந்து ஒரு எழுத்து வெளிய போகாது."

இதைத் தெருமுனை டீக்கடைக்காரரும் கேட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் இன்னும் கலையவில்லை. மாமு ஹஜ்ரத்தை ஓரமாக அழைத்துப்போய், அவர் கணக்கில், கிசுகிசுத்தார்.

"ஏனுங்க ஹஜ்ரத், பேரெல்லாம் சொல்ல மாட்டனுங்க. என்ற அக்கா பையன்னே வெச்சுக்குங்களேன். குறை அவன்கிட்டத்தான். மருமவ மேல ஒண்ணுமில்லீங்க, அது தங்கம். டெஸ்ட் டியூப்ல குழந்தை பெத்துக்கலாமுங்களா?"

மாமுவுக்கு ஒரே அக்கா. அந்த அக்காவுக்கு ஒரே பையன். அவர் அப்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல மூணாவது ஆளோடது எதுவும் சேராத வரைக்கும் தடையில்லீங்க பாய்," என்றார் ஹஜ்ரத். "கொஞ்சம் மெதுவாக் கேளுங்க."

"மெதுவாத்தானுங்க கேக்கறேன்!"

மாலைக்குள் ஊருக்கே தெரிந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். "என்ற மானத்தையே ஏலம் போட்டுட்டயேடா!" என்று மாமியார் தம்பியைப் பிடித்து உலுக்கினார். பிறகு சமையல்கட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஏம் கண்ணு, இத்தன நாளா பழியெல்லாம் நீயேவா சுமந்துட்டிருந்த?"

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கோடு முதலில் கிளம்பியது மாமியார்தான். மாமுவின் தக்காளி வேனில் போவோம். வழியில் ஒருநாள், "தெரிஞ்சேதான் கத்துனீங்களா மாமு?" என்று கேட்டேன்.

"கத்துனனா? நானா?" என்றார். ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் பிறந்தாள். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொல்ல வேண்டும். தம்பிதான் சொல்ல வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக நின்றார். பிஞ்சுக் காது என்னாகுமோ என்று எங்களுக்கெல்லாம் பயம்.

மாமு குனிந்தார். பக்கத்திலேயே படுத்திருந்த எனக்குக்கூட ஒரு சொல் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, தாடி நனைந்திருந்தது. குழந்தை தூக்கம் கலையவே இல்லை.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.