கண்ணொளியாரின் துணி

தையல் தொழிற்சாலையில் கண்வலி புகுந்தது. அதன் பின்னாலேயே கண்ணொளியார் என்ற சாமியார் புகுந்தார். நோய் சும்மா வந்தது. அவர் கட்டணத்தோடு வந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு செம்பு. செம்பில் மந்திரத் தண்ணீர். தண்ணீரில் ஒரு பட்டுத்துணி. சிவந்த கண்ணைக் குணமாவதற்காகத் துடைப்பார். சிவக்காத கண்ணைக் காப்புக்காகத் துடைப்பார். எல்லாருக்கும் ஒரே துணிதான். அருளில் பாகுபாடு கூடாதல்லவா!

வரிசை வாசலைத் தாண்டியது. குணமானவர்கள் ஓடிவந்து கும்பிட்டார்கள். ஆகாதவர்கள் வரவில்லை. கண்ணைத் திறக்க முடிந்தால்தானே வழி தெரியும்! தானாகவே ஆறிப்போகும் நோய். பெருமையெல்லாம் செம்புக்குப் போனது.

வரிசையை ஒழுங்குபடுத்தியவள் சூப்பர்வைசர். முதலுதவி அறை நர்ஸுக்கு அவள் அண்ணி. பக்தி முற்றி, ஒருநாள் தன் கைக்குழந்தையையும் தூக்கி வந்துவிட்டாள். நர்ஸ் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“அண்ணி, பிள்ளைய அங்க கொண்டுபோகாதீங்க!”

“காப்புடி இது! எத்தனை பேருக்குக் குணமாச்சு, நீ பாக்கலையா?”

“பாத்தேன். துடைச்ச பிறகு எத்தனை பேருக்குப் புதுசா வந்துச்சு, நீங்க பாத்தீங்களா?”

நர்ஸ் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“இவரு வர்றதுக்கு முன்னாடியே கண்வலி வந்தவங்க உக்காருங்க. மத்தவங்கள்ல, காப்புக்குத் துடைச்சுக்கிட்டவங்க சன்னல் பக்கம். துடைச்சுக்காதவங்க கதவுப் பக்கம். ஆச்சா? இப்ப, அதுக்கப்புறம் கண் சிவந்தவங்க கையைத் தூக்குங்க!”

சன்னல் பக்கம் கைகள் காடாக எழுந்தன. கதவுப் பக்கம் ஏதோ நாலைந்து.

கண்ணொளியார் பதறவில்லை. தொழில் தெரிந்தவர். “என் பக்கம் கூட்டம் அதிகம், அதான் கையும் அதிகம். அந்தப் பக்கமும் நோய் இருக்கு பாருங்க!”

“சரியாச் சொன்னீங்க. அதனாலதான் கைய மட்டும் எண்ணக் கூடாது, தலையையும் எண்ணணும்.”

எண்ணினார்கள். சன்னல் பக்கம் அறுபது தலைக்கு நாற்பது கை. கதவுப் பக்கம் நாற்பது தலைக்கு நாலு கை.

“அங்க மூணு பேர்ல ரெண்டு பேருக்கு. இங்க பத்துல ஒருத்தருக்கு. காப்பு யாருக்குய்யா, கண்ணுக்கா நோய்க்கா?”

“அது அவங்கவங்க முன்ஜென்ம வினை!”

“வினை என்ன, காத்து வாங்க சன்னல் பக்கமா வந்துச்சா?” என்றாள் பட்டன் தைப்பவள், சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே.

நர்ஸ் கையுறை மாட்டி, செம்பிலிருந்த துணியை எடுத்தாள். “சரி சாமி, சந்தேகமே வேணாம். நீங்களும் உங்க கண்ணை இதால ஒருதரம் துடைச்சுக்கங்க.”

கண்ணொளியார் பின்னால் துள்ளினார். “ஐயோ, கிட்ட கொண்டுவராதம்மா! ஒட்டிக்கும்!”

சொன்னபிறகுதான் தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்தது அவருக்கு உறைத்தது. அறுபது பேரும் ஒருசேர நெருங்கியபோது, மந்திரம் மறந்து, செருப்பையும் மறந்து, பின்வாசல் வழியே பறந்தார்.

அண்ணி குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சோப்பு எங்கடி இருக்கு?”

குணமான கதையை மட்டும் கேட்டால், சாக்கடைத் தண்ணீரும் தீர்த்தம்தான். கண்ணைத் துடைத்துவிட ஊரெல்லாம் ஆள் கிடைக்கும். மூளையில் படிந்த தூசியை மட்டும் அவரவர்தான் துடைத்தாக வேண்டும். அதையாவது சொந்தத் துணியால் துடையுங்கள்!