மகள் பெயரில் நான் போட்ட கணக்கு

பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுகிறார்கள் என்பது பாதி உண்மை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்பது மீதிப் பாதி. எனக்கு அந்த மீதிப் பாதி கொஞ்சம் அதிகம்.

அப்போது பம்மலில் குடியிருந்தோம். தாம்பரத்தில் எனக்குச் செருப்புக் கடை. மகள் நஸ்ரின் இரண்டாம் வகுப்பு. மாடி வீட்டு சுந்தரம் சாரின் மகன் கார்த்திக்கும் அதே வகுப்பு. படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் சுந்தரம், "கார்த்திக் அபாகஸ் கிளாஸ் போறான் பாய். நீங்க எங்கயும் சேர்க்கலையா?" என்பார். (நலம் விசாரிப்பதுபோலவே குத்துவார் மனுஷன்.)

அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. இன்டர்நெட்டில் இலவசமாகக் கணக்கு விளையாட்டு இருக்கிறதாம், பிள்ளைகள் சந்தோஷமாகக் கற்றுக்கொள்வார்களாம். வாராவாரம் மதிப்பெண் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். இலவசம், நோட்டீஸ் போர்டு என்ற இரண்டு சொற்களும் என்னை வீழ்த்திவிட்டன. அன்றே கம்ப்யூட்டர்மேல் கிடந்த பூப்போட்ட துணியை விலக்கினேன்.

சரியான விடை போட்டால் ஒரு தவளை அடுத்த இலைக்குத் தாவும். தப்பாகப் போட்டால் தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்து, முழித்துப் பார்க்கும். ஆறும் ஏழும் எத்தனை என்று கேட்டது. நஸ்ரின் இரண்டு என்று தட்டினாள். தவளை விழுந்தது. உருண்டு உருண்டு சிரித்தாள். அடுத்து ஒன்பது என்று தட்டினாள்.

"பதிமூணுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தா. ஆனா பதிமூணு போட்டா அது விழாதே!"

அந்த வாரப் பட்டியலில் கார்த்திக் முதல், நஸ்ரின் கடைசி. சந்தோஷமாகக் கற்பதில் அவள்தான் முதல் என்று போர்டில் யாரும் எழுதவில்லை.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்புவதற்கு முன், அவளுக்கு வழிகாட்டுவதற்காக மட்டும் உட்கார்ந்தேன். (அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.) மூன்றாம் வாரம் நஸ்ரின் முதலிடம். என் மனைவி சபூரா, "கடை திறக்கலையா?" என்றால், "இரு, இன்னும் ரெண்டு இலைதான்" என்பேன். கடையில் செருப்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம், "பொண்ணுக்குக் கணக்குன்னா உசுரு" என்று சொல்லிக்கொண்டேன்.

ஆண்டு விழா வந்தது. முதலிடம் பெற்ற மாணவி மேடையில் விளையாடிக் காட்டுவாள், பெரிய திரையில் எல்லோரும் பார்க்கலாம் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

எட்டும் ஐந்தும். நஸ்ரின் ஒன்று என்று தட்டினாள். தொபுக்கடீர்! அரங்கமே சிரித்தது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தொடர்ந்து ஐந்து முறை தவளையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"பயப்படாதம்மா. வீட்ல நல்லா போடுவியே?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கை நீட்டினார்.

"வீட்ல எங்க அத்தா போடுவாங்க மிஸ்."

நான் குனிந்து, காலில் மாட்டியிருந்த செருப்பையே தேட ஆரம்பித்தேன். அதற்குள் பின்னாலிருந்து கார்த்திக் எழுந்தான். "எங்க வீட்லயும் அப்பாதான் மிஸ்!" சுந்தரமும் செருப்பைத் தேடினார்.

"ரெண்டு ஃபாதர்ஸும் மேடைக்கு வாங்க" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, "ம், ஆரம்பிங்க" என்றார்.

மரியாதையாகத் தோற்றிருக்க வேண்டும். ஆனால் ஓரக்கண்ணால் பார்த்தேன். சுந்தரத்தின் தவளை ஒரு இலை முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பள்ளி தெரியவில்லை, கூட்டம் தெரியவில்லை. பதினாலில் ஆறு போனால் எட்டு, ஒன்பதும் எட்டும் பதினேழு. என் தவளை கரையேறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, "ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

யாரும் கை தட்டவில்லை. நஸ்ரின் மட்டும் ஓவென்று அழுதாள். "ஒரு வாட்டிகூட விழவைக்கலையே அத்தா!"

ஹெட்மிஸ்ட்ரஸ் தயாராக வைத்திருந்த சான்றிதழை எடுத்தார். நஸ்ரின் பெயரை அடித்தார். "உங்க முழுப் பேரு சார்?" என்று கேட்டு எழுதி, என் கையில் கொடுத்தார். எட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவு, முதலிடம்.

சபூரா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். பல வருஷம் கழித்து ஊரப்பாக்கத்திலிருந்து நஸ்ரினைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதன் கீழேதான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று முழுவதும் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். சபூரா ஒன்று விடாமல் கதையைச் சொன்னாள்.

சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இன்றைக்கும் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு போன் செய்தால், சபூராவிடம் முதலில் கேட்பது இதுதான்: "பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா, இல்ல பாய் மட்டும்தானா?"