எலக்ட்ரீஷியன் அசையாதிருந்த படலம்

வாழ்க, வாழ்க! டெஸ்டர் ஏந்திய செங்கையும், திருகாணி கவ்விய திருவாயும், தெருவிலுள்ள நாற்பது வீட்டு ஃபியூஸ்களின் நாடியறிந்த நுண்ணறிவும் கொண்ட எலக்ட்ரீஷியன் பெருமான் வாழ்க! ஒரு மாலைப்பொழுதில் மொட்டைமாடிப் பாயில், இரு தலையணைகளில் சாய்ந்தபடியே அவர் நிகழ்த்திய மாபெரும் போரைப் பாடச் சொற்கள் பெருகி வருக. துணிக்கொடிகளே, சற்றே விலகி வழிவிடுக!

மேற்கு வானில் ஒரு வால்நட்சத்திரம் வந்திருந்தது. அன்று அதற்குக் கடைசி மாலை. மறுநாள் கதிரவன் ஒளியில் கரைந்துவிடும். பிறகு பெருமானின் ஆயுளில் தலைகாட்டாது. அதுவோ மங்கலிலும் மங்கல், இருபது நிமிடம் இருளில் ஊறிய கண்ணுக்கே காட்சி தருவது. ஏழே முக்காலுக்கெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிடும். “கிடைச்சா கூப்பிடுங்க, நானும் பாக்கணும்” என்று அடுப்படியிலிருந்து மனைவி சொல்லியிருந்தாள். அவருக்கு அதுவே போர்முரசு.

பகைவன் யாரெனில், படிக்கட்டு வாசலின் நெற்றியில் இமையாது விழித்திருந்த சென்சார் விளக்கு. அசைவு கண்டால் பொங்கியெழும் அனற்கண்ணன், ஐம்பது வாட் அரக்கன்! அவனை ஸ்விட்ச் என்னும் கடிவாளமே இல்லாமல் நேராக வயர் இழுத்து அரியணை ஏற்றியவரும் சாட்சாத் நம் பெருமானே. மெயினை அணைக்கலாமென்றால், கீழே மகள் எட்டு மணிவரை கம்ப்யூட்டரில் தேர்வெழுதிக்கொண்டிருந்தாள். ஆகவே வகுத்த வியூகம் ஒன்றே: அசையாதிருத்தல். “கட்டையா கிடக்கேன், என்ன பண்ணிடுவே பாக்கலாம்!” என்று விளக்கை நோக்கி வஞ்சினம் உரைத்துச் சாய்ந்தார்.

இடக்கால் கட்டைவிரலில் அடிவைத்த கட்டெறும்பொன்று, பாதப் பெருவெளி கடந்து, கணுக்கால் கோட்டையை முற்றுகையிட்டு, முழங்கால் குன்றேறிக் கொடிநாட்டி, அரைக்கால்சட்டைக்குள் புகுந்து அங்கே சுள்ளெனக் கடித்தபோதும், அதே கணத்தில் மூக்கினுள் தும்மல் தேர்ப்படை திரட்டி வாசல்வரை வந்து உறுமியபோதும், பல்லைக் கடித்து, மூச்சைக்கூட அளந்துவிட்டு, ‘ஆ’ என்னும் ஓரெழுத்தும் உதிர்க்காமல் கிடந்தாரே, வீரமென்றால் இதுவன்றோ வீரம்! விளக்கு ஏமாந்து நின்றது.

இருபதாம் நிமிடம் நிறைந்தது. தொட்டியின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, சாக்பீஸைத் தேய்த்தாற்போல ஒரு வெண்கீற்று. வால்! ஐயமில்லை, வாலேதான்! எறும்பை வென்றவர், தும்மலை வென்றவர், பாவம், மகிழ்ச்சியை வெல்லமுடியாமல் தோற்றார். “ஏய், ஓடி வா! கிடைச்சிருச்சு!” என்று இரு கரங்களும் வானளாவத் துள்ளியெழுந்தார். பொங்கியது ஐம்பது வாட். வெளுத்தது மாடி, விண்மீனெல்லாம் விட்டோடின.

கரண்டியும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்த மனைவி, கண்கூசும் அந்த வெளிச்சத்தில் நின்று, “எங்கங்க?” என்றாள். பெருமான் கையை நீட்டினார். அங்கே தொட்டி மட்டுமே தெரிந்தது; கண்ணை மறுபடி இருளில் ஊறவைப்பதற்குள் வால்நட்சத்திரம் அதன் பின்னால் இறங்கிவிடும். தாம் பார்த்துவிட்டோம், இவளுக்குக் காட்ட முடியவில்லையே என்று அந்த மாவீரருக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

“திரும்ப எப்ப வரும்?”

“எட்டாயிரம் வருஷம் ஆகும்.”

“சரி, அப்ப பாத்துக்கலாம், வாங்க.”

எலக்ட்ரீஷியன் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.