கோகோவின் காலைக்கடன்

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு, அப்பா கந்தவேல் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ விட்டுப்போன நாய் எங்கள் இருவரையும்விடச் சுகம். பூனாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க ஆஞ்சநேயர் துணை நிற்கட்டும். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாய் விஷயத்தை ஆரம்பித்தாலே நீ சிரிக்கிறாய். சிரித்து முடித்ததும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

புது வீடு கிடைக்கும்வரை மட்டும் இருக்கட்டும் என்று கோகோவை நீ என் மடியில் வைத்தபோது நான் ஏன் தலையாட்டினேன் என்றால், எனக்கு ஒரு திமிர் இருந்தது. பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து முடி நரைத்தவன் நான். நடுராத்திரி வரை படித்த பிளஸ் டூ பையன்களை விடியுமுன் எழுப்பி, பல் விளக்க வைத்து, குளிக்க வைத்து, ஸ்டடிக்கு உட்கார வைத்தவன். முந்நூறு பேரை ஓட்டியவனுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு குட்டி எம்மாத்திரம் என்று நினைத்தேன். மறுநாள் காலையே அதைக் கயிற்றில் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். அது ஒவ்வொரு கம்பமாக மோந்து பார்த்தது. பால்காரரிடம் குசலம் விசாரித்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களின் கோலப்பொடியை முகர்ந்து தும்மியது. போன காரியத்தை மட்டும் செய்யவில்லை. தெருவை மூன்று சுற்று சுற்றிக் கால் வலியோடு திரும்பி வந்தால், வாசலில் 'நல்வரவு' என்று எழுதிய மிதியடி மேல் ஏறி நின்று, என் முகத்தை அன்பாகப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் முடித்தது. நான் என் பழைய குரலில் ஒரு அதட்டு அதட்டினேன். அந்தக் குரலுக்கு விடுதியில் மாடியில் இருப்பவன்கூட எழுந்து நிற்பான். இது நின்ற இடத்திலேயே மறுபடி ஒரு குளம் கட்டியது. "ஏனுங்க, அதட்டாதீங்க. பயத்துல இன்னும் போவுது பாருங்க" என்று உன் அம்மா சொன்ன பிறகுதான் என் குரலுக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு என்று தெரிந்தது.

அதற்காக விட்டுவிடவில்லை. அது எப்போது எழுகிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தரையை மோந்து வட்டம் போடுகிறது என்று கூடவே இருந்து கவனித்தேன். வட்டம் போட ஆரம்பித்தால் துண்டில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஓடவும் ஓடினேன். வாசலைத் தாண்டுவதற்குள் என் தோள் சூடானது. இதற்கு நடுவில் உன் அம்மா, குழந்தை மெலிந்துவிட்டது என்று சொல்லி, கடைக்காரர் மலிவாகக் கொடுத்த உடைந்த முட்டைகளை வேகவைத்து எனக்குத் தெரியாமல் ஊட்டியிருக்கிறாள். முட்டைக்குப் பேர்போன ஊரில் வளர்கிற நாய்தான் என்றாலும் வயிறு தாங்க வேண்டாமா? அன்றைக்கு அது மாடிப்படி முழுவதையும் ஒரு படி விடாமல் அசிங்கமாக்கிவிட்டது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பூபதியை உனக்குத் தெரியும். லாரி பாடி பட்டறை வைத்திருப்பவர், பட்டறைக்கே வெள்ளை வேட்டியில் போகிறவர். கோயிலுக்குப் புறப்பட்டு இறங்கியவர் மூன்றாவது படியில் வழுக்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். வேட்டி பிழைக்கவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சார், இன்னொருக்கா படியில இப்பிடி ஆச்சுன்னா அந்த நாய் இந்த ஊட்ல இருக்க வேண்டாமுங்க. நீங்க என்ன பண்றதுன்னு நீங்களே ரோசனை பண்ணிக்கங்க." இத்தனை வருஷம் குடியிருந்து ஒரு பேச்சு வாங்காதவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய் மட்டும் என் காலடியில் குறட்டை விட்டது. உன்னிடம் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அம்மா சொன்னாள். பழகாத நாயை அனுப்பினால் பூனாவிலும் ஒரு வீட்டுக்காரர் இருப்பார், நம் பெண் அங்கே நின்று பேச்சு வாங்குவாள், பழக்கித்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன்.

தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறதே, தினமும் அங்கேயே கூட்டிப் போய், முடிக்கிறவரை வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று நின்றேன். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். ஒரு நாள் அந்த வழியாக நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் சட்டென்று நின்று கைகட்டி வணக்கம் சொன்னார். பார்த்தால் நம் விடுதியில் இருந்த கலையரசன். இப்போது தாலுகா ஆபீசில் பெரிய வேலை, முன்னால் தொப்பை. யாருக்காக நிற்கிறேன் என்று கேட்டான். நாயைக் காட்டினேன். சார் நிற்கும்போது தான் போவது மரியாதையில்லை என்று அவனும் பக்கத்தில் நின்றுகொண்டான். இரண்டு ஆம்பிளைகள் முறைத்துப் பார்த்தால் அது என்ன செய்யும்? தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. அன்று அதட்டியதிலிருந்து நான் பார்த்துக்கொண்டு நின்றாலே அதற்குப் பயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "கலையரசா, அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் பழைய பழக்கத்தில் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். நானும் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மண்ணில் காரியம் முடிந்திருந்தது. நித்யா, உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் கை தட்டியதில்லை. கலையரசனும் எதற்கென்று தெரியாமலே தட்டினான்.

அன்று முதல் படி சுத்தம். வீட்டுக்குள்ளும் ஒரு சொட்டு இல்லை. ஆகவே நீ கவனமாகக் கேட்டுக்கொள். காலையில் கண் விழித்ததும் போனை எடுக்காதே, நாயை எடு. காபியெல்லாம் அப்புறம். ஒரே இடத்துக்குக் கூட்டிப் போ, முதுகைக் காட்டி நில், முடித்ததும் தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட் கொடு. அதன் பிறகு கவர் போட்டுச் சுத்தமாக அள்ளிவிடு, இடம் யாருடையதோ. வீட்டில் தவறிப் போனால் சத்தம் போடாமல் துடை. உனக்குத்தான் வீடு கிடைத்தாயிற்றே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போ. மீட்டிங் கதையெல்லாம் வேண்டாம். அதன் தட்டையும் துண்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அம்மா அதைச் சாமி, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். நான் அசைவதாக இல்லை. எடுத்த காரியத்தை முடித்தேன், ஒப்படைக்கிறேன், அவ்வளவுதான்.

நீ நோய்நொடியில்லாமல், நல்ல பேரோடு, வீட்டுக்காரர் பேச்சுக்கு ஆளாகாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அம்மாவின் முத்தங்களும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
உன் அப்பா,
கந்தவேல்.

பின்குறிப்பு: இதைக் கூரியரில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்று மாலை பூபதி இறங்கி வந்து உட்கார்ந்து, லாரி பாடிக்குத் தகரம் விலை ஏறியதைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஏனுங்க சார், அதை எதுக்குங்க அத்தனை தூரம் அனுப்பிக்கிட்டு? எங்கூட்டுக்கே குடுத்துருங்க" என்றார். நாங்கள் மதியம் கண்ணயரும் நேரத்தில் அவர் தினமும் படியில் உட்கார்ந்து அதற்கு பன் ஊட்டி வந்திருக்கிறார். நல்ல மனுஷர், கேட்டதும் நியாயம். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே, "அது ஆகாதுங்க" என்றது. சமையலறையிலிருந்து அம்மாவும் ஆகாதுங்க என்றாள். தன் வீட்டில் குடியிருந்துகொண்டு ஒரு குட்டியைத் தர மனசில்லையா என்று அவர் கேட்க, நான் ஏதோ சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. மாதக் கடைசியில் காலி செய்கிறோம். இன்று காலையே மோகனூர் ரோட்டில் வேறு வீடு பார்த்தாயிற்று, பின்னால் நிறைய இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் சாமான் தூக்க வா. திரும்பும்போது வெறுங்கையோடுதான் போவாய், சொல்லிவிட்டேன்.