வியாழக்கிழமைக்கு எவ்வளவு முதல் வேண்டும்?

புனேயின் வாகட் சிக்னலில் நான்காவது முறையாகப் பச்சை விழுந்தும் என் ஸ்கூட்டர் நகராத ஒரு மாலையில்தான் அந்த ஞானம் பிறந்தது. சேமிப்பு இரண்டு லட்சம். பங்குச்சந்தையில் தினம் ஒரு சதவீதம் எடுத்தால் மாதம் நாற்பதாயிரம். என் சம்பளமே முப்பத்தெட்டுதான்! (சதவீதக் கணக்கு எனக்கு எட்டாவதிலேயே நன்றாக வரும். அதுதான் வினை.)

வேலையை விட்டேன். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"சாப்பாட்டுக்குத் தனியா எவ்வளவு வெச்சிருக்க?"

"லாபத்துலருந்துதான்பா."

"ம்."

அந்த 'ம்'முக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தெரிந்த மனுஷன் விளக்கமாகச் சொல்லக் கூடாதா?

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் லாபம். இனிப்புகூட வாங்கி வந்தேன். வியாழன், விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற ஆப்ஷன்களுக்கு அந்த வாரத்துக் கெடு முடிகிற நாள். விலை குரங்காய்த் தாவும். மொத்தப் பணத்தையும் இறக்கினேன். 'இவ்வளவு நஷ்டமானால் தானே விற்றுவிடு' என்று முன்கூட்டியே போட்டு வைக்கலாம்தான். (அது கோழைகளுக்கு என்று நினைத்தேன்.)

பத்து மணிக்கு மின்விசிறி நின்றது. வைஃபை செத்தது. எங்கள் போபோடி சந்தில் செல்போன் சிக்னல் மொட்டைமாடியில்தான். ஓடினேன். படியில் அம்மா மறித்தாள்.

"எங்கடா ஓடுற? குழாய்லயும் தண்ணி வராது இன்னிக்கு. சும்மாதான இருக்க, கீழருந்து ரெண்டு பக்கெட் தூக்கிட்டு வா."

"பணம் போய்க்கிட்டிருக்கும்மா!"

கீழ்வீட்டு மராத்தி அம்மாள், நாங்கள் 'காகு' (சித்தி) என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அரே பேட்டா, ஆஜ் குருவார் ஹை நா!"

வியாழக்கிழமையாம்! பராமரிப்பு என்று கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தும் நாள். புனே முழுக்கத் தெரியும். பள்ளி, கல்லூரி, பிறகு ஜெனரேட்டர் வைத்த ஆபீஸ் என்றே வளர்ந்த எனக்கு மட்டும் தெரியாது.

மாடியில் சிக்னல் கிடைத்தபோது என் இரண்டு லட்சம் வெறும் எழுபதாயிரமாகச் சுருங்கியிருந்தது.

'பத்தாயிரம் போதும்', 'ஐந்து லட்சம் வேண்டும்' என்று வீடியோவில் கத்துகிறார்களே, ஒருவனாவது இன்வர்ட்டரைச் சொன்னானா? வாடகையும் மளிகையும் போக மிஞ்சுவதுதான் முதல் என்று சொன்னானா?

பழைய ஆபீசுக்கே திரும்பினேன், முப்பத்தைந்தாயிரம் சம்பளத்துக்கு. இப்போதும் வீட்டில் கரண்ட் போனால், "மார்க்கெட் மூடியாச்சு!" என்று அம்மா குரல் கொடுப்பாள். கீழிருந்து காகுவும் சிரிப்பார்.

சிரிக்கட்டும். ஒரு வருஷச் செலவைத் தனியாகச் சேர்க்கிறேன். அதைத் தொடாமல்தான் அடுத்த ஆட்டம். முதல் வேலையாக, வரும் மாதம் இன்வர்ட்டர். அப்பாவே பாதிப் பணம் தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு.

"கரண்ட் போனா முதல்ல என் ஃபேன். அப்புறம்தான் உன் மார்க்கெட்."